எச்.ஓ.ஏ. வீட்டில் ஹாம் ஆன்டெனா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஹாம் லைசென்ஸ், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான அமெச்சூர் உரிமம், எடுப்பது எளிது. அதை வைத்திருப்பவரையும் ஹாம் என்றே சொல்வார்கள். வீடு வாங்குவதும் வங்கிக் கடன் கிடைத்துவிட்டால் நடக்கிற காரியம்தான். வாங்கிய வீட்டில் ஆன்டெனா கட்டுவதுதான் பெரும்பாடு. புதிதாக எழும் சப்டிவிஷன்களில் பெரும்பாலானவை வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கீழ் வருகின்றன. எல்லோரும் சொல்வதுபோல் எச்.ஓ.ஏ. என்றே எழுதுகிறேன். அந்தச் சங்கத்தின் கட்டுப்பாட்டுப் பத்திரத்தில் எங்காவது ஒரு பக்கத்தில் 'வெளிப்புற ஆன்டெனா கூடாது' என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு வரியைச் சுற்றி வரும் கேள்விகளும் பதில்களும் கீழே. விவகாரம் வழக்கு வரை போகும் என்றால் அந்தந்த மாநிலத்து வக்கீலைப் பார்த்துவிடுங்கள். இதை நம்பி கோர்ட் ஏறாதீர்கள்.

இந்தக் கட்டுப்பாட்டுப் பத்திரம் என்பது என்ன? ஊராட்சி விதியா?

இல்லை, இது தனியார் ஒப்பந்தம். சி.சி.ஆர். என்பார்கள். மனையைப் பிரித்து விற்கிற பில்டர், முதல் வீடு விற்பதற்கு முன்பே இந்தப் பத்திரத்தைக் கவுண்டி அலுவலகத்தில் பதிவு செய்துவிடுவார். அதன் பிறகு அந்த நிலத்தை யார் வாங்கினாலும், பத்திரம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும். க்ளோசிங் (வீட்டுப் பத்திரம் கைமாறும் நாள்) அன்று நீங்கள் கையெழுத்துப் போடும் காகிதக் கட்டில் இதுவும் அடக்கம். படித்தீர்களா இல்லையா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இதை நடைமுறைப்படுத்துவது எச்.ஓ.ஏ. போர்டு. வீட்டின் வெளித்தோற்றத்தில் எதை மாற்றினாலும் அனுமதி தருகிற கட்டடக் கமிட்டி ஒன்றும் அதன் கீழே இருக்கும். வேலிக்கு அடிக்கும் பெயின்ட் முதல் ஆன்டெனா வரை அவர்கள் கண்ணில் படாமல் எதுவும் எழும்ப முடியாது.

ஆன்டெனா வரி ஏன் வந்தது? ஒரு காலத்தில் ஒவ்வொரு கூரை மேலும் அலுமினியக் குச்சிகளோடு டிவி ஆன்டெனா நின்றது. கேபிள் டிவி வந்ததும் அது தேவையில்லாமல் போனது. பில்டர்களுக்கும் தெரு அழகாகத் தெரிய வேண்டியிருந்தது. அப்போது எழுதிய வாசகத்தையே இன்றைக்கும் ஒரு பத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹாம்கள் மேல் கோபம் வந்து எழுதியதல்ல. எழுதியவருக்கு ஹாம் என்று ஒரு கூட்டம் இருப்பதே தெரிந்திருக்காது.

என்னிடம் எஃப்.சி.சி. (மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம்) கொடுத்த லைசென்ஸ் இருக்கிறது. மத்திய அரசு அனுமதிக்கு முன்னால் ஒரு குடியிருப்புச் சங்கம் எம்மாத்திரம்?

அதிகம் பேர் ஏமாந்துபோகும் இடம் இது. எஃப்.சி.சி. உங்களுக்குக் கொடுத்தது அலைபரப்பும் உரிமை. ஆன்டெனாவை எங்கே நிறுத்தலாம் என்ற உரிமையை அது முழுதாகக் கொடுக்கவில்லை.

1984-ல் ஏ.ஆர்.ஆர்.எல். (அமெரிக்க ஹாம்களின் தேசியச் சங்கம்) எஃப்.சி.சி.யிடம் முறையிட்டது: நகராட்சிகள் ஆன்டெனாவுக்குத் தடை மேல் தடை போடுகின்றன, தலையிடுங்கள் என்று. 1985 செப்டம்பரில் எஃப்.சி.சி. ஓர் ஆணை வெளியிட்டது. அதன் கோப்பு எண்ணை வைத்து பி.ஆர்.பி.-1 என்றே இன்றுவரை அழைக்கிறார்கள். மாநிலமோ நகரமோ போடும் விதி, அமெச்சூர் தொடர்பை அடியோடு தடுக்கக் கூடாது. நியாயமான அளவுக்கு இடம் கொடுக்க வேண்டும். தன் நோக்கத்துக்குத் தேவையான மிகக் குறைந்த கட்டுப்பாட்டைத்தான் போட வேண்டும். பிறகு இது எஃப்.சி.சி. விதிகளில் 97.15-ஆம் பிரிவில் சேர்ந்தது.

சரி, இதில் எச்.ஓ.ஏ. எங்கே? அடிக்குறிப்பில். தனியார் ஒப்பந்தங்களுக்கு இந்த ஆணை பொருந்தாது, அவை வாங்குபவர் தானாக விரும்பி ஏற்றுக்கொண்டவை என்று அதில் சொல்லிவிட்டார்கள். நாற்பது ஆண்டுத் தலைவலி அந்த அடிக்குறிப்பில்தான் தொடங்குகிறது. நகரமன்றம் உங்கள் டவரைத் தடுத்தால் பி.ஆர்.பி.-1-ஐ நீட்டலாம். எச்.ஓ.ஏ. தடுத்தால் அவர்கள் உங்கள் கையெழுத்தை நீட்டுவார்கள்.

'தானாக விரும்பி' என்பதை நான் ஏற்கவில்லை. ஒரு ஊரில் வேலை கிடைத்து, நல்ல பள்ளிக்கூடம் இருக்கிற பகுதியில் வீடு தேடினால், கண்ணில் படுவது எல்லாமே எச்.ஓ.ஏ. வீடாக இருக்கிறது. எச்.ஓ.ஏ.க்களின் தேசிய அமைப்பான கம்யூனிட்டி அசோசியேஷன்ஸ் இன்ஸ்டிடியூட்டின் மதிப்பீட்டிலேயே, இத்தகைய குடியிருப்புகளில் வாழ்பவர்கள் 7 கோடிக்கும் மேல். 1985-ல் நிலைமை வேறு. எஃப்.சி.சி.யின் வாதம் மட்டும் மாறவில்லை. ஏ.ஆர்.ஆர்.எல். மறுபடி போய்க் கேட்டபோதும், 1999-லும் 2001-லும் அதே பதில்தான்: காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சொன்னால் செய்கிறோம்.

அப்படியானால் பக்கத்து வீட்டுக் கூரையில் டிஷ் இருக்கிறதே, அதை மட்டும் எச்.ஓ.ஏ. எப்படி விட்டது?

விடவில்லை, விட வைத்தார்கள். 1996-ல் தொலைத்தொடர்புச் சட்டத்தில் காங்கிரஸ் ஒரு பிரிவு சேர்த்தது. அதன்படி அதே ஆண்டு அக்டோபரில் எஃப்.சி.சி.யின் 'ஓட்டார்ட்' விதி அமலுக்கு வந்தது. ஒரு மீட்டருக்கு மேல் போகாத டிஷ், உள்ளூர் டிவி ஆன்டெனா போன்றவற்றை வீட்டுக்காரர் தன் சொந்த இடத்தில் மாட்டினால் நகரமும் தடுக்க முடியாது, எச்.ஓ.ஏ.வும் தடுக்க முடியாது. அலாஸ்காவில் டிஷ் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். 1999-ல் வாடகைக்கு இருப்பவரின் பால்கனிக்கும் இதை நீட்டினார்கள்.

தனியார் ஒப்பந்தத்தில் தலையிட முடியாது என்று சொன்ன அதே எஃப்.சி.சி., காங்கிரஸ் சொன்னதும் லட்சக்கணக்கான ஒப்பந்தங்களில் அந்த வரியைச் செல்லாததாக்கிவிட்டது. தனியார் நிலக் கட்டுப்பாட்டில் அரசு கைவைப்பது புதிதும் அல்ல. கறுப்பின மக்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று ஒரு காலத்தில் இதே வகைப் பத்திரங்களில் எழுதி வைத்திருந்தார்கள். 1948-ல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், நீதிமன்றங்கள் அதை நிறைவேற்றித் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆன்டெனாவை அந்த அநீதியோடு ஒப்பிடுவது அபத்தம். ஒப்பந்தம் என்றாலே தொட முடியாது என்ற வாதம் எடுபடாது என்பதற்காக மட்டும் சொல்கிறேன். கலிபோர்னியாவில் கூரை மேல் சோலார் பலகை வைப்பதை எச்.ஓ.ஏ. தடுக்க முடியாதபடி 1978-லேயே சட்டம் வந்துவிட்டது.

ஓட்டார்ட் விதியைக் காட்டி ஹாம் ஆன்டெனாவை நுழைத்துவிடலாமா?

முடியாது. அமெச்சூர் ஆன்டெனா அதில் வராது என்பதில் எஃப்.சி.சி. தெளிவாக இருக்கிறது. டிவி ஆன்டெனா வைத்திருப்பவர் அதே கம்பத்தில் இரண்டு மீட்டர் அலைவரிசைக்கான சின்ன ஆன்டெனா ஒன்றைச் சேர்த்தால் யாருக்கும் தெரியாமல் போகலாம். அது கண்ணில் படாததால் கிடைக்கும் லாபம். சட்டத்தின் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள்.

காங்கிரஸ் ஏன் இன்னும் சட்டம் போடவில்லை?

ஒருமுறை கிட்டத்தட்டப் போட்டுவிட்டார்கள்.

2012-ல் ஒரு வரிச் சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் செருகி, அவசரகாலத்தில் ஹாம் ரேடியோவின் பயன் என்ன, அதற்கு என்ன தடைகள் என்று ஆராயச் சொன்னது காங்கிரஸ். எஃப்.சி.சி. அந்த ஆண்டு ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது: எச்.ஓ.ஏ. விஷயத்தில் புதிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. அதன் பிறகுதான் 'அமெச்சூர் ரேடியோ பாரிட்டி' மசோதா வந்தது. கீழவையில் இல்லினாய் உறுப்பினர் ஆடம் கின்சிங்கரும், செனட்டில் மிசிசிப்பியின் ரோஜர் விக்கரும் கொண்டுவந்தார்கள்.

2016-ல் ஏ.ஆர்.ஆர்.எல். எதிர்த் தரப்பான கம்யூனிட்டி அசோசியேஷன்ஸ் இன்ஸ்டிடியூட்டோடு உட்கார்ந்து பேசி ஒரு சமரச வாசகம் எழுதியது. ஹாம் ஒருவர் தன் சொந்த இடத்தில், ஓரளவு நன்றாக வேலை செய்கிற வெளிப்புற ஆன்டெனா ஒன்றை வைக்க எச்.ஓ.ஏ. அனுமதிக்க வேண்டும். ஆனால் முன்அனுமதி கேட்க வேண்டும். உயரம், இடம், தோற்றம் பற்றி எச்.ஓ.ஏ. நியாயமான விதிகள் போடலாம். இந்த வடிவம் 2016 செப்டம்பரில் கீழவையில் நிறைவேறியது. அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்துவிட்டதால் 2017 ஜனவரியில் இன்னொரு முறையும் நிறைவேறியது. செனட்டில் புளோரிடாவின் பில் நெல்சன் முட்டுக்கட்டை போட்டார். நகரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எதிர்ப்பு ஹாம்களிடமிருந்தும் வந்தது. முன்அனுமதி என்று எழுதிவிட்டால், இப்போது யாரும் கேட்காத இடத்திலும் போய்க் கேட்க வேண்டிவரும். 'வெளிப்புறம்', 'நியாயமான' என்பதற்கெல்லாம் எச்.ஓ.ஏ. தன் வசதிக்குப் பொருள் சொல்லும் என்று ஒரு சாரார் கொதித்தார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அரை ரொட்டி கிடைத்தபோது வாங்கியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. முன்அனுமதி கேட்டு ஒரு டைபோல் (நடுவில் இணைப்பு கொடுக்கும் எளிய கம்பி ஆன்டெனா) கட்டுவது, கேட்க வழியே இல்லாமல் சும்மா இருப்பதைவிட மேல்.

இப்போது ஓடுவது 'அமெச்சூர் ரேடியோ எமர்ஜென்சி பிரிபேர்ட்னஸ்' மசோதா. 2023-லும் வந்தது, 2025 பிப்ரவரியில் இரு அவைகளிலும் மீண்டும் தாக்கலானது. தாக்கல் ஆவது வேறு, சட்டமாவது வேறு. சட்டம் வரும் என்று நம்பி வீடு வாங்காதீர்கள்.

மாநிலச் சட்டங்கள் உதவுமா?

முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பி.ஆர்.பி.-1-ஐத் தங்கள் சட்டத்தில் சேர்த்திருக்கின்றன. ஒரேகானில் 70 அடி வரை என்று எண்ணாகவே இருக்கிறது. ஆனால் இவை பேசுவது நகரம், கவுண்டி ஆகியவற்றின் விதிகளைப் பற்றி. 'எங்கள் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், அது எச்.ஓ.ஏ.வைக் கட்டுப்படுத்துகிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வீடு இன்னும் வாங்கவில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பத்திரத்தை ஆஃபர் போடும் முன்பே கேட்டு வாங்குங்கள். ரியல்ட்டர் "எல்லா இடத்திலும் இருக்கிறதுதான்" என்பார். கவுண்டி பதிவேட்டில் இருப்பதால் நீங்களே தேடியும் எடுக்கலாம். ஐம்பது, அறுபது பக்கம் இருக்கும். 'ஆன்டெனா' என்ற சொல்லை மட்டும் தேடிவிட்டு மூடிவைக்காதீர்கள். கம்பம், கோபுரம், கம்பி, வெளிப்புற அமைப்பு, தொல்லை என்ற தலைப்புகளையும் பாருங்கள். பில்டர் பத்திரத்தோடு, போர்டு பிறகு போட்ட துணை விதிகளும் உண்டு. அவையும் வேண்டும்.

ஒரே தடையை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். வித்தியாசம் சின்னதாகத் தெரியும், விளைவு பெரிது.

'எந்த வகை வெளிப்புற ஆன்டெனாவும் கூடாது' என்றால் அட்டிக்குக்குள், அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் பரணுக்குள், வைப்பதற்குத் தடையில்லை. 'தெருவிலிருந்து தெரியும்படி கூடாது' என்றால் பின்பக்கத் தோட்டத்தில் மெல்லிய கம்பி இழுக்கலாம். 'கட்டடக் கமிட்டியின் எழுத்துபூர்வ அனுமதியின்றிக் கூடாது' என்பதுதான் இருப்பதில் நல்லது. கேட்க ஒரு வாசல் இருக்கிறது. 'வீட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ அலைபரப்பும் கருவி எதுவும் கூடாது' என்று இருந்தால் அந்த வீட்டை மறந்துவிடுங்கள். எழுதியபடி எடுத்தால் வைஃபை ரவுட்டருக்குக்கூட அங்கே இடமில்லை. ஆனால் அதைச் சொல்லி வாதாடுவதற்காக நான்கு லட்சம் டாலர் கொடுத்து வீடு வாங்குவதில் அர்த்தமில்லை.

பேட்டையை ஒரு சுற்று நடந்தும் பாருங்கள். பெரிய மரங்கள் இருக்கின்றனவா? கம்பி கட்ட மரத்தைவிட நல்ல கம்பம் கிடையாது. மின்கம்பி தலைக்கு மேல் போகிறதா, நிலத்தடியிலா? வேறு யாராவது விதியை மீறி எதையாவது வைத்திருக்கிறார்களா, போர்டு அதைக் கண்டுகொள்ளவில்லையா? பின்னால் வழக்கு என்று வந்தால் 'ஆளுக்கொரு நியாயம்' என்று வாதாட அது பயன்படும்.

எச்.ஓ.ஏ. இல்லாத வீடு கிடைக்காதா? கிடைக்கும். பழைய பேட்டைகளில், ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் இருக்கும் இடங்களில். ஆபீசுக்குப் போகிற நேரம் கூடும். ஹாம் ரேடியோ உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய நேரம் அது.

வாங்கியாகிவிட்டது. அனுமதி கேட்டுவிட்டு மாட்டலாமா, மாட்டிவிட்டுப் பார்க்கலாமா?

ஹாம்கள் இரண்டு பேர் சேர்ந்தால் முடிவே இல்லாமல் ஓடுகிற விவாதம் இது. கேட்டால் மறுப்பார்கள், மறுத்தபின் மறைத்து வைத்தாலும் உங்கள் மேல் ஒரு கண் இருக்கும் என்பது ஒரு கட்சி. மாட்டிக்கொண்டால் அபராதம், வக்கீல் செலவு என்பது இன்னொன்று.

நான் பத்திரத்தின் வாசகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். அனுமதிக்கு வழி இருந்தால் கேளுங்கள். முழுத் தடை என்றால் கேட்பதில் பயனில்லை. போர்டு நினைத்தால்கூடப் பத்திரத்தை மீறி அனுமதி தர முடியாது. பத்திரத்தைத் திருத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஓட்டுப் போட வேண்டியிருக்கும். அந்த நிலையில், பத்திரம் தடை செய்யாத இடத்தில் வையுங்கள்: வீட்டுக்குள், அட்டிக்கில், காரில்.

போர்டில் சேர்ந்துவிடுங்கள் என்றும் சிலர் சொல்வார்கள். நல்ல யோசனை. ஆள் கிடைக்காமல் திண்டாடுகிற போர்டுகள்தான் அதிகம். ஆனால் மாதாந்திரக் கூட்டத்தில் குப்பைத்தொட்டி சண்டையை இரண்டு மணி நேரம் கேட்கும் பொறுமை வேண்டும்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

மெகாஹெர்ட்ஸ் வேண்டாம். கமிட்டி பார்க்கப்போவது ஒன்றே ஒன்று: தெருவிலிருந்து எப்படித் தெரியும்? அதனால் தெருவில் நின்று வீட்டைப் படம் எடுங்கள். அதில் கம்பி போகும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டுங்கள். கம்பியில் ஒரு துண்டை வெட்டிக் கவரில் வைத்துக் கொடுங்கள். தலைமுடியைவிடச் சற்றே தடிமனான கறுப்புக் கம்பியைக் கையில் பிடித்துப் பார்த்தவர் 'இதுவா' என்பார். மனைப் படம், உயரம், கட்டும் முறை, மின்கம்பியிலிருந்து தூரம், எர்த் இணைப்பு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் முடியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் சின்னதாகக் கேளுங்கள். 60 அடி டவர் கேட்டு மறுப்பு வாங்கிய பிறகு டைபோல் கேட்பது கஷ்டம்.

அவசர காலத்தில் ஹாம்தான் கைகொடுப்பார் என்று போர்டிடம் சொல்லலாமா?

சொல்லலாம், உண்மையும்கூட. 2017-ல் மரியா புயலுக்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் வேண்டுகோளின்பேரில் 22 ஹாம்கள் போர்ட்டோ ரீக்கோ போனார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் மேற்கு வட கரோலினாவைப் புரட்டிப்போட்டுச் செல்போன் கோபுரங்கள் செத்தபோது, மவுண்ட் மிட்செல் மலையில் இருக்கும் ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கித் திரும்ப அலைபரப்பும் நிலையம்)தான் ஜனங்கள் உதவி கேட்டார்கள், உறவுகளைத் தேடினார்கள்.

ஆனால் போர்டில் ஒருவர் "அதற்கு ஒரு கையடக்க ரேடியோ போதாதா?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்க வேண்டும். ரிப்பீட்டர் எட்டும் தூரத்தில் இருந்து, அது உயிரோடும் இருந்தால் போதும். அதுவும் விழுந்துவிட்டால் நூற்றுக்கணக்கான மைல் தாண்டிப் பேச எச்.எஃப். (சிற்றலை) வேண்டும், எச்.எஃப்.புக்கு நீளமான கம்பி வேண்டும். 40 மீட்டர் பேண்டின் (சுமார் 40 மீட்டர் அலைநீளமுள்ள அலைவரிசை) டைபோல் சுமார் 20 மீட்டர் நீளம். புயல் வந்த பிறகு அதை மரத்தில் கட்டிக்கொள்ளலாமே என்பார்கள். கட்டலாம்; தினமும் பேசிப் பழகாதவர் அன்றைக்கு மட்டும் எப்படிப் பேசுவார் என்று திருப்பிக் கேளுங்கள்.

அட்டிக்கில் வைத்தால் வேலை செய்யுமா?

செய்யும், வீட்டைப் பொறுத்து. மரச்சட்டமும் சாதாரண ஷிங்கிள் கூரையும் என்றால் நன்றாகவே செய்யும். டெக்சாஸ் போன்ற வெயில் ஊர்களில் கூரைக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருப்பார்கள். அது இருந்தால் விட்டுவிடுங்கள். தகரக் கூரையும் அப்படித்தான். சுவர் ஸ்டக்கோ என்றால் பூச்சுக்குள் கம்பி வலை இருக்கும், பக்கவாட்டில் சிக்னல் அடிபடும்.

20 மீட்டர் பேண்டுக்கு டைபோல் சுமார் 10 மீட்டர். பல வீடுகளின் அட்டிக்கில் நேராகவே அடங்கும். 10 மீட்டர் பேண்டுக்கு 5 மீட்டரே போதும். 40 மீட்டருக்கு முனைகளை மடக்கி ராஃப்டரோடு ஓட்ட வேண்டும்; மடக்கினாலும் வேலை செய்யும், கொஞ்சம் நீளத்தை வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். 80 மீட்டரை மறந்துவிடலாம்.

பெரிய எதிரி வீட்டின் மின்சாதனங்கள். அட்டிக்கில் ஓடும் வயர்கள், எல்.இ.டி. விளக்கு, சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் உங்கள் ரிசீவருக்குள் இரைச்சலைக் கொட்டும். நீங்கள் நூறு வாட் போட்டால் அதே வயர்கள் வழியே அது திரும்பிப் போய் ஏ.எஃப்.சி.ஐ. பிரேக்கரை (தீப்பொறியை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) தட்டிவிடும், புகை அலாரத்தைக் கத்த வைக்கும். இரவு பதினொன்றுக்கு வீட்டு அலாரம் எல்லாம் சேர்ந்து கத்தினால் எச்.ஓ.ஏ.வுக்கு முன்பே வீட்டில் தடை வந்துவிடும். கோஆக்ஸில் (ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள்) இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்கள் போடுங்கள், வாட்டைக் குறையுங்கள். குறைந்த வாட்டுக்கு எஃப்.டி.8 இருக்கிறது. நோபல் பரிசு வாங்கிய ஜோ டெய்லரும் ஸ்டீவ் பிராங்கேயும் 2017-ல் கொண்டுவந்த டிஜிட்டல் முறை இது. காதுக்குக் கேட்கவே கேட்காத சிக்னலைக் கணினி படித்துவிடும். அது பேச்சே இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எச்.ஓ.ஏ. வீட்டில் இருப்பவருக்கு முகம் சுளிக்க வசதி இல்லை.

கோடையில் பகலில் அட்டிக்கில் ஏறாதீர்கள். விடியற்காலையில் வேலையை முடித்துவிடுங்கள்.

கொடிக்கம்பத்துக்குள் ஆன்டெனா வைக்கலாம் என்கிறார்களே?

வைக்கலாம், அருமையாக வேலை செய்யும். அமெரிக்கக் கொடி ஏற்றுவதை எச்.ஓ.ஏ. தடுக்கக் கூடாது என்று ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது, 2006-ல் கையெழுத்தானது. அது கொடியைத்தான் காக்கிறது, தனிக் கம்பத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. புளோரிடா மாநிலச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், 20 அடி வரை தனியாக நிற்கும் கொடிக்கம்பத்துக்கு, பத்திரம் என்ன சொன்னாலும், உரிமை தருகிறது. 20 மீட்டர் பேண்டுக்குக் கால் அலைநீளம் சுமார் 5 மீட்டர், அதாவது 16 அடி சொச்சம். கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் கம்பத்துக்குள் ஆன்டெனா இருக்கலாம் என்று அந்தச் சட்டமும் சொல்லவில்லை. யாரும் கேட்காதவரை சரி.

அலுமினியக் கம்பம் என்றால் கம்பமே ஆன்டெனா, அடியில் மண்ணோடு ஒட்டாமல் இன்சுலேட்டர் வைத்து நிறுத்துவார்கள். ஃபைபர் கம்பம் என்றால் உள்ளே கம்பி. அடியில் ஒரு போலிப் பாறைக்குள் ட்யூனர். புல்வெளியில் கம்பத்தடியிலிருந்து நாலாபுறமும் ரேடியல் என்னும் தரைக்கம்பிகள். புல்லை ஒட்ட வெட்டிவிட்டு, கம்பியைத் தரையோடு பரப்பி, ஊக்கு அடித்தால் சில வாரங்களில் புல் மூடிக்கொள்ளும், மேலே புல்வெட்டும் இயந்திரம் ஓட்டலாம். குறைந்தது பதினாறு கம்பியாவது போடுங்கள். ரேடியல் இல்லாத வெர்டிகல் (நெட்டுக்குத்தான ஆன்டெனா), மண்ணைச் சூடாக்கும் கருவி.

ஒரு சங்கதி: இரவில் கொடி பறந்தால் அதன் மேல் விளக்கு எரிய வேண்டும் என்பது மரபு. மலிவான சோலார் விளக்கை அடியில் குத்திவைத்தால் அதன் சர்க்யூட்டே உங்கள் ஆன்டெனாவுக்குள் இரைச்சல் பாய்ச்சும். மாலையில் கொடியை இறக்கிவிடுவது உத்தமம்.

மறைவாக வைக்கும் ஆன்டெனாவில் ஆபத்து உண்டா?

உண்டு. மறைவானது என்றால் பெரும்பாலும் ஆட்களுக்குப் பக்கத்தில் இருக்கும். அட்டிக் டைபோலுக்கு நேர் கீழே குழந்தையின் படுக்கையறை இருக்கலாம். 2023 மே 3-க்குப் பிறகு எல்லா ஹாம்களும், எவ்வளவு வாட்டாக இருந்தாலும், கதிர்வீச்சு அளவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இணையத்தில் கால்குலேட்டர் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. பால்கனியில் காந்த லூப் (சிறிய வளைய ஆன்டெனா) வைப்பவர்கள் கவனம்: அதன் மின்தேக்கியில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும், தொடக் கூடாது.

வெளியே கம்பி கட்டினால் மின்கம்பிக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். அறுந்தாலும் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். ஹாம்களைக் கொன்றது எச்.ஓ.ஏ. அல்ல, மின்கம்பிதான்.

என்னால் டிவி கெடுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் போர்டில் புகார் செய்திருக்கிறார்.

ரேடியோ குறுக்கீடு எஃப்.சி.சி.யின் எல்லை, அதைத் தீர்ப்பது போர்டின் வேலை இல்லை. ஆன்டெனா கண்ணுக்குத் தெரிகிறது என்பது பத்திரத்தின் எல்லை. இரண்டையும் கலக்க விடாதீர்கள். சட்டம் பேசுவதற்கு முன் ஒரு ஃபெரைட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். முக்கால்வாசிப் புகார் அங்கே முடிந்துவிடும்.

எச்.ஓ.ஏ.விடமிருந்து கடிதம் வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், கோபத்தில் மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். பின்னால் அதுவே சாட்சியாகும். கடிதத்தில் எந்தப் பிரிவைச் சொல்கிறார்கள், எத்தனை நாள் கெடு என்று பாருங்கள். பல மாநிலங்களில் அபராதத்துக்கு முன் விசாரணை கேட்கும் உரிமை உண்டு. எழுத்தில் கேளுங்கள்.

கெடுவுக்குள் ஆன்டெனாவை இறக்கிவைத்துவிட்டு வாதாடுவது நல்லது. மேலே வைத்துக்கொண்டே வாதாடினால் அபராதம் நாள் கணக்கில் ஏறும். கட்டாவிட்டால் வீட்டின் மேல் பாத்தியதை பதிவாகும். பத்திரத்தில் எழுதியிருந்தால் அவர்களுடைய வக்கீல் செலவும் உங்கள் தலையில்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை: இத்தனை ஆண்டு கண்ணெதிரே இருந்தும் கேட்கவில்லை, மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தீர்கள், காலக்கெடு தாண்டிவிட்டது. இதற்கெல்லாம் தேதியோடு படங்கள் வேண்டும். ஆன்டெனா கட்டிய அன்றே ஒரு படம் எடுத்து வைப்பது அதனால்தான். மறைத்தே வைத்திருந்தவர் 'கண்ணெதிரே இருந்தது' என்று வாதாட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன், வாடகை அபார்ட்மென்ட். எனக்கு ஏதாவது வழி?

லைசென்ஸுக்குக் குடியுரிமை தேவையில்லை. வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இல்லாமல், அமெரிக்காவில் ஒரு அஞ்சல் முகவரி இருந்தால் தேர்வு எழுதலாம். அபார்ட்மென்டில் சி.சி.ஆர். இடத்தில் வாடகை ஒப்பந்தம் இருக்கும், விளைவு ஒன்றுதான். பேக்பேக்கில் ரேடியோவை எடுத்துக்கொண்டு பார்க்குக்குப் போகிறவர்கள் இன்று ஏராளம். வீட்டில் கிடைக்காத அமைதியான ரிசீவர் அங்கே கிடைக்கும்.

காரில் ஆன்டெனா வைத்தால் எச்.ஓ.ஏ. கேட்குமா?

ஆன்டெனா விதி பெரும்பாலும் வீட்டையும் மனையையும் பற்றியது, காரைத் தொடாது. காரை டிரைவ்வேயில் நிறுத்தி, ட்ரங்கில் செருகிய எச்.எஃப். விப்பிலிருந்து (குச்சி ஆன்டெனா) ஜன்னல் வழியாகக் கோஆக்ஸை உள்ளே இழுத்து, மேசையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வணிக வாகனம், இரவில் வெளியே நிறுத்துவது பற்றித் தனி விதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஆபீசுக்குக் கிளம்பும்போது கோஆக்ஸைக் கழற்ற மறக்காதீர்கள்.